பௌதி மீனை விட்ட குளிர்காலம்

கல்கத்தாவில் சித்திரை தொடங்கி ஐப்பசி வரை எல்லாருக்கும் வேர்க்கும். அதில் என் வேர்வை தனி என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு வந்திருப்பது இன்னதென்று புரிய மார்கழி வரை ஆயிற்று. ஊரே குரங்குக் குல்லாயும் மஃப்ளருமாகத் தெருவில் இறங்கியிருந்த ஒரு காலை, பால் வாங்கும் வரிசையில் நான் ஒருத்தி மட்டும் முந்தானையால் விசிறிக்கொண்டு நின்றேன். இந்த ஊர்க்காரர்களுக்குக் குளிர் என்பது ஒரு பண்டிகை. பாதரசம் துளி இறங்கிவிட்டால் போதும், பெட்டியில் கிடந்த கம்பளியெல்லாம் வெளியே வந்துவிடும். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் குல்லாயின் ஓட்டை வழியாக என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஜுரமா?" என்று கேட்டார். "இல்லை, வயசு" என்றேன். அவர் ஒன்றும் புரியாமல் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

நெஞ்சில் கிளம்பும், கழுத்தில் ஏறும், காதுமடலில் போய் உட்காரும். அடுப்படியில் நின்றால் அடுப்பு எது நான் எது என்று எனக்கே சந்தேகம். சில நிமிஷம் ஆட்டி வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி இறங்கிப் போய்விடும். நான் நனைந்த ரவிக்கையோடு நிற்பேன், உடனே குளிரெடுக்கும். போர்வை, விசிறி, மறுபடி போர்வை. என் கணவர் வங்கியில் அதிகாரி, ஆபீசில் நாலு பேரை அதட்டுகிறவர். வீட்டில் அவர் மின்விசிறியின் சுவிட்சுக்கு முன்னால் கைகட்டி நின்றார். மஃப்ளரும் ஸ்வெட்டருமாகச் சாப்பாட்டு மேஜைக்கு வந்து உட்கார்ந்து, "ஏண்டி, அப்பளம் பறக்கறதே" என்று மட்டும் சொன்னார்.

"பிடிச்சுண்டு சாப்பிடுங்கோ" என்றேன். அவர் பிடித்துக்கொண்டு சாப்பிட்டார்.

பாலிகஞ்சில் எங்கள் பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இரண்டே வீடுகள். எங்கள் கதவுக்கு நேர் எதிர்க்கதவு ஒரு வங்காளிக் குடும்பத்துடையது. அந்த வீட்டு மருமகளை நான் பௌதி என்று கூப்பிடுவேன், நம் ஊரில் மன்னி என்கிற மாதிரி. அவளுக்கும் என் வயதுதான், ஐம்பதைத் தாண்டிய கணக்கு. பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறாள். அவளுடைய மாமியாரை, இந்த ஊரில் வயதான பெண்களைக் கூப்பிடுகிற வழக்கப்படி, நான் மாஷிமா என்பேன். எண்பதைத் தாண்டியவர், வெள்ளைப் புடவை, கைத்தடி, கணீரென்ற குரல். நாங்கள் பேசிக்கொள்வதெல்லாம் வங்காளிதான். நான் பிறந்து வளர்ந்ததே இந்த ஊர் என்பதால் அது என் காதில் தமிழாகவே விழும், அப்படியே எழுதுகிறேன்.

ஒருநாள் காலை நான் வாசலைத் திறந்தால், பௌதி அவள் வாசற்படியில் மெல்லிய நைட்டியோடு நின்று செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தாள். எதிரே நான், கையில் ஓலை விசிறியோடு. ஒருவரை ஒருவர் பார்த்தோம். கீழ்ப்படியில் பேப்பர்காரர் கம்பளிக் கையுறையோடு ஏறி வந்துகொண்டிருந்தார்.

"உனக்குமா?" என்றாள் பௌதி.

"உனக்குமா!" என்றேன் நான்.

சிரிக்க ஆரம்பித்தோம். சிரிப்பென்றால் சாதாரணச் சிரிப்பு இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பேப்பர்காரர் வந்த வழியே திரும்பிப் போகிற அளவு. அன்றிலிருந்து யாருக்கு எரிந்தாலும் எதிர்க்கதவைத் தட்டுவது வழக்கமாயிற்று. இரண்டு பேரும் மொட்டைமாடிக்கு ஓடுவோம். அங்கே லேப் என்கிற பஞ்சு மெத்தைப் போர்வைகள் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். நடுவில் நாங்கள் இருவரும் வடக்கிலிருந்து வரும் காற்றுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்போம். அவள் வகுப்பில் கங்கை எந்தக் கடலில் கலக்கிறது என்பதை மறந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்ற கதையை அங்கேதான் சொன்னாள். நான் சாவியைத் தோசைமாவுக்குப் பக்கத்தில் ஃபிரிஜ்ஜில் வைத்த கதையைச் சொன்னேன்.

இதை நான் வேறு யாரிடமும் சொல்ல முடியாது. அக்கா சென்னையில் இருக்கிறாள். போனில் சொன்னால், "எல்லாருக்கும் வரதுதானேடி, இதென்ன அதிசயம்" என்று முடித்துவிடுவாள். மகள் புனேயில், அவள் உடனே இருபது வீடியோ அனுப்புவாள். எனக்கு வீடியோ வேண்டாம், விளக்கம் வேண்டாம், கூட நின்று சிரிக்க ஒருத்தி வேண்டும். அந்த ஒருத்தி எதிர்வீட்டில் இருந்தாள். அவளை இழந்துவிட்டால் இத்தனை பெரிய ஊரில் "எரியறது" என்று சொல்ல எனக்கு ஆளில்லை.

டாக்டரம்மாவிடம் போனேன். சின்ன உருவம், பெரிய கண்ணாடி, மேஜைக்கடியில் ஹீட்டர். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, மாதவிலக்கு நிற்கும் காலத்தில் இது நடக்கக்கூடியதுதான் என்றார். சோயா, ஆளி விதை, எள், கொண்டைக்கடலை, கீரை, பழம் என்று தாவர உணவை அதிகமாகச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

"டாக்டர், நான் பொறந்ததுலேர்ந்து செடிகொடி மட்டும்தான் சாப்பிடறேன்" என்றேன், கொஞ்சம் கர்வமாகவே.

"காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?"

"இட்லி."

"மத்தியானம்?"

"சாதம். ரசம். உருளைக்கிழங்கு ரோஸ்ட். அப்பளம்."

"இதில் செடி எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். ரசத்தில் கொத்தமல்லி இருந்தது. அதைச் சொல்லவில்லை. சிலருக்கு இது கைகொடுக்கும், சிலருக்குக் கொடுக்காது, மந்திரம் என்று நினைக்கவேண்டாம், நடக்கவேண்டும், காரத்தையும் காபியையும் குறைத்துப் பார்க்கலாம், தாங்கமுடியாவிட்டால் மருந்து இருக்கிறது, திரும்பி வாருங்கள் என்றார். காபியைக் குறைக்கச் சொன்னது மட்டும் எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை.

அன்றே ஆரம்பித்தேன். எதையும் அரைகுறையாகச் செய்கிற வழக்கம் எனக்கு இல்லை. வீட்டில் மற்றவர்கள் இதை ஒரு குறையாகச் சொல்வார்கள். சோயா உருண்டையைக் குருமாவில் போட்டேன். என் கணவர் ஒன்றைக் கடித்தார், நிறுத்தினார், என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"என்னடி இது, கடிச்சா திருப்பிக் கடிக்கறது. மாமிசம்தான் இப்படி இருக்கும்னு சொல்லுவா."

"நீங்க எப்ப சாப்பிட்டேள், இப்படி இருக்கும்னு தெரிய?"

அவர் அவசரமாக ரசத்துக்குக் கையை நீட்டினார். ஆபீஸ் டூர் எத்தனையோ போனவர், நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. அடுத்த நாள் டோஃபுவை மோர்க்குழம்பில் போட்டேன். அது பாதி கரைந்து, பாதி கரையாமல், எதற்கு வந்தோம் என்று தெரியாத விருந்தாளியாக மிதந்தது. சோயாப் பாலில் டிகாக்ஷனை விட்டேன். திரிந்தது. என் கணவர் டம்ளரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தெருமுனைக் கடையில் மண்குவளை டீ குடிக்கப் புறப்பட்டார். ஒரு வாரத்தில் அந்த டீக்கடைக்காரருக்கும் அவருக்கும் நல்ல சிநேகம்.

ஆனால் ஆளி விதையை வறுத்து, மிளகாயும் பூண்டும் வைத்து இடித்த பொடி இட்லிக்கு நன்றாகவே இருந்தது. கறுப்பு எள்ளையும் ஆளி விதையையும் வறுத்து, இந்த ஊரில் குளிர்காலத்துக்கு மட்டும் வரும் பேரீச்ச வெல்லப் பாகில் உருட்டினேன். கொண்டைக்கடலைச் சுண்டல், முருங்கைக்கீரை அடை, சிவப்பரிசி. இவற்றால்தானோ, குளிர் முற்றியதாலோ, காலையில் எழுந்து நடந்ததாலோ தெரியாது, கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. கொஞ்சம்தான். ஆனால் எனக்குக் கொஞ்சம் போதும், தலையில் கொம்பு முளைக்க.

மொட்டைமாடியில் உருண்டை டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பௌதிக்கு உபதேசம் ஆரம்பித்தேன். அவள் நிலைமை என்னுடையதைவிட மோசம்; தூக்கமில்லை, சமையல் எண்ணெய் விளம்பரத்தைப் பார்த்து அழுகிறாள். வெல்லம் ஒட்டிய விரலை நக்கிக்கொண்டே, "மீனைப் பத்தி உன் டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டாள்.

டாக்டர் மீனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. ஆனால் வாய் என் வாயாயிற்றே.

"மீன் எதுக்கு? விட்டுப் பாரேன். எல்லாச் சூடும் அதுலதான். நான் நன்னா இல்லையா?"

இது முழுக்க என் சொந்தச் சரக்கு. சைவம் உயர்ந்தது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவளுக்கு, அதில் யாருக்காவது கெடுதல் இருக்கும் என்று எப்படித் தோன்றும்? பௌதி பாவம், அப்போது யாராவது மண்ணைத் தின்றால் எரிச்சல் போகும் என்று சொல்லியிருந்தாலும் தின்றிருப்பாள். "சரி, விட்டுடறேன்" என்றாள். "மா கிட்ட மட்டும் மூச்சு விடாதே." மாமியாருக்குத் தெரியாமல் எதைச் செய்தாலும் ஒரு ருசிதானே என்று நானும் கண்ணடித்தேன்.

பிறகு சில வாரங்கள் எங்கள் இரண்டு பேருக்கும் கொண்டாட்டம். நான் பொடி கொடுப்பேன், அவள் சோயாவை வங்காளி முறையில் வதக்கித் தருவாள்; என் கணவர் அதை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், எனக்குக் கோபம் வந்தது. சாப்பாட்டு மேஜையில் தன் தட்டு மீனை அவள் எப்படி ஒளிக்கிறாள் என்று நான் யோசிக்கவே இல்லை.

ஒரு சாயங்காலம் பௌதியின் கணவர் காளிகாட் மெட்ரோ படியில் இறங்கும்போது, கைபேசியில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டே இறங்கியிருக்கிறார். கடைசிப் படி இருக்கிறது என்று நினைத்த இடத்தில் இல்லை. மணிக்கட்டு முறிந்து, கட்டுப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். இதோடு போயிருக்கும். மறுநாள் மத்தியானம் அம்மா பிள்ளைக்கு ஊட்டிவிட உட்கார்ந்திருக்கிறார். அந்த நல்ல மனுஷர், வெகுளி, சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார்: "இன்னிக்கு ஏன் மா ஒரே துண்டு? ஒரு மாசமா அவ பங்கையும் சேர்த்து எனக்கு ரெண்டு துண்டு கிடைக்குதே."

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. அன்று சாயங்காலம் எங்கள் கதவில் கைத்தடி இடித்தது. திறந்தால் மாஷிமா. பின்னால் பௌதி கண்ணெல்லாம் சிவந்து நிற்கிறாள்.

"என் பிள்ளைய என்ன செய்யப் பார்த்தே நீ?" என்று கேட்டார் மாஷிமா. கணீர்க் குரல் இல்லை, நடுங்குகிற குரல். "வளையல் போட்ட பொண்ணு, வகிட்டுல குங்குமம் வெச்ச பொண்ணு, அவளப் போயி மீன நிறுத்தச் சொன்னியே! புருஷன் இல்லாதவளுக்கு அது. என் பிள்ளை உயிரோட இருக்கும்போதே இவளுக்கு ஏன் அது?"

மாஷிமா திரும்பிப் போனார். எதிர்க்கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் பௌதியிடமிருந்து ஒரு செய்தி வந்தது: இப்போதைக்கு வராதே, அம்மா அழுகையை நிறுத்தவில்லை.

எனக்குத் தெரியாத விஷயமா இது? இந்த ஊரில் பிறந்தவள் நான். பழைய வீடுகளில் கணவன் போய்விட்டால் அன்றோடு மீனும் போகும், வெங்காயம் பூண்டு போகும், மைசூர்ப் பருப்புகூடப் போகும் என்று பள்ளிக்கூட நாளிலேயே கேட்டிருக்கிறேன். சுமங்கலி ஒரு வாய் மீனாவது சாப்பிட வேண்டும் என்பதும் கேட்டதுதான். தெரிந்தும் என் மண்டையில் ஏறவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. மீனே தொடாத எங்கள் குடும்பத்து ஆண்களெல்லாம் தொண்ணூறு வயது வரை இருந்து உயிரை வாங்கவில்லையா என்று சமையலறையில் பாத்திரங்களிடம் கத்தினேன். என் கணவர் உள்ளே எட்டிப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "நீ ஒரு தடவை காரடையான் நோன்பை விட்டுப் பாரேன்."

அத்தோடு வாயை மூடிக்கொண்டேன். மாசி முடிந்து பங்குனி பிறக்கும் நேரம் பார்த்து, அது எந்த நேரமானாலும், பட்டினியாகக் காத்திருந்து, அடை நைவேத்யம் பண்ணி, மஞ்சள் சரடு கட்டிக்கொள்கிறவள் நான். எம்.எஸ்ஸி. படித்தவள். ஒரு வருஷம்கூட விட்டதில்லை. விட்டால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்கத் துணிச்சல் வந்ததும் இல்லை. நாங்கள் கணவனுக்காகச் சாப்பிடாமல் இருக்கிறோம். அவர்கள் கணவனுக்காகச் சாப்பிடுகிறார்கள். பயம் ஒன்றுதான். அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மணிக்கட்டு முறிய வேண்டியிருந்தது.

எதிர்க்கதவு திறக்கவில்லை. எரிந்தது, தட்ட முடியவில்லை. தனியாக மொட்டைமாடிக்குப் போய் நின்றேன். காற்று அதே காற்று, சிரிப்பு இல்லாமல் அது வெறும் குளிராக இருந்தது. பௌதியின் பள்ளிக்கூடப் புடவை கொடியில் காய்ந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, விளம்பரம் எதுவும் இல்லாமலேயே.

நாலாம் நாள் காலை பையை எடுத்துக்கொண்டு கரியாஹாட் சந்தைக்குப் போனேன். காய்கறிப் பக்கம் இல்லை, ஈரத் தரைப் பக்கம். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? மூக்கின் இருபுறமும் மூக்குத்தி, பட்டைக் கரைப் புடவை, மூக்கை மூடிய முந்தானை. மீன்காரர் என்னை ஒரு பார்வையில் எடைபோட்டுவிட்டார்.

"பன்னீர் கடை அந்தப் பக்கம், மாஷிமா."

முதல் அவமானம் பன்னீர், இரண்டாவது மாஷிமா. அவருக்கே தலை நரைத்திருந்தது.

"எனக்கு ரோகு வேணும்" என்றேன்.

"யாருக்கு?"

"எதிர்வீட்டு மாமியாருக்கு, சமாதானத்துக்கு."

இந்த ஊரில் இது ஒரு முழுமையான விளக்கம். அவர் மேலே ஒன்றும் கேட்காமல் எழுந்து நின்றார். பக்கத்துக் கடைக்காரரும் எழுந்தார். வாங்க வந்திருந்த இரண்டு மூன்று பேர் கூடினார்கள். சமாதானத்துக்கு எத்தனை பெரிய மீன் தகும் என்று ஒரு விவாதம் நடந்தது. சின்னதாக இருந்தால் கேலி செய்வதாக ஆகிவிடும், ரொம்பப் பெரியதாக இருந்தால் குற்றம் பெரியது என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்றார் ஒருவர். நடுத்தரமாக ஒன்று, தொட்டித் தண்ணீரில் வளைய வந்துகொண்டிருந்தது, முடிவாயிற்று. வெட்டித் தரட்டுமா என்று கேட்டபோது நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "அப்படியே குடுங்கோ, அப்படியே" என்றேன். அவசரத்தில் தமிழில் சொல்லிவிட்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

அப்படியே என்றால் உயிரோடு என்று எனக்குத் தோன்றவில்லை. ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பை என் மடியில் துள்ளியது. நான் கத்தினேன். டிரைவர் பிரேக் போட்டார். பை மறுபடி துள்ளியது, நான் மறுபடி கத்தினேன். பின் சீட்டில் என்னோடு இருந்த இரண்டு பேரும் பையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். "நல்ல புது மீன்" என்றார் ஒருவர். "கடுகு அரைச்சுப் போடுங்க" என்றார் மற்றவர். முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் இருந்தவர் திரும்பி, இந்த நாளில் காலிஃபிளவர் போட்டுக் குழம்பு வைக்காதவர் மனுஷரே இல்லை என்றார். அந்த நேரம் பார்த்து எனக்கு நெஞ்சிலிருந்து கிளம்பியது. முகம் தக்காளி, நெற்றியில் ஆறு ஓடுகிறது, மடியில் மீன் துள்ளுகிறது, ஆட்டோவில் சண்டை நடக்கிறது. எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் வம்சத்தில் யாருக்கும் கிடைக்காத சவாரி இது என்று நினைத்து நினைத்துச் சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள். என் பாதிக் கட்டணத்தைக்கூட ஒருவர் கொடுத்துவிடப் பார்த்தார்.

எதிர்க்கதவைத் தட்டியபோது மாஷிமாதான் திறந்தார். நான் பையை இரண்டு கையாலும் நீட்டினேன். அது கடைசியாக ஒரு தடவை அசைந்தது.

"நான் சொன்னது தப்பு, மாஷிமா. நானே வாங்கிண்டு வந்தேன். பௌதி சாப்பிடட்டும்."

மாஷிமா பையைத் திறந்து பார்த்தார். என்னைப் பார்த்தார், நெற்றியை, நனைந்த ரவிக்கையை, மூக்கை மூடாமல் விட்டிருந்த முந்தானையை.

"நீயா? உன் கையால?"

"என் கையால."

"எவ்வளவு மூஞ்சி கோணிச்சு உனக்கு?" என்று கேட்டார். நான் கோணிக் காட்டினேன். அவர் உதடு துடித்தது, பிறகு உடம்பு முழுக்கக் குலுங்கியது. சிரிக்கிறார். உள்ளேயிருந்து பௌதி ஓடிவந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது, அப்படியே தரையில் உட்கார்ந்துவிடலாம் போல.

என்னை விடவில்லை. சமையலறைக்குப் பக்கத்து மேஜையில் மாஷிமா எதிரே உட்கார வைத்தார்கள். உள்ளே பௌதி மீனைச் சுத்தம் செய்து, உப்பும் மஞ்சளும் தடவி, கடுகெண்ணெயில் போட்டாள். அந்த வாசனைக்கு முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோய், பாதியில் இறக்கிக்கொண்டேன். எழுந்து போக எனக்கு மனசில்லை.

"இப்ப சொல்லு" என்றார் மாஷிமா. "அந்தச் செடிகொடிச் சாப்பாடு, அதச் சாப்பிட்டா என்ன ஆகும்னு சொன்னே?"

"எரிச்சல் கொஞ்சம் குறையலாம்னு டாக்டர் சொன்னார் மாஷிமா. இந்த வயசுல உடம்பு எரியுமே, அது."

அவர் புடவைத் தலைப்பின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"எனக்கு அது வந்தப்போ நான் மீன விட்டு பத்து வருஷத்துக்கு மேல இருக்கும்" என்றார். "மீன் இல்ல, வெங்காயம் இல்ல, பூண்டு இல்ல. பச்சரிசி, காய், கீரை. நீ சொல்ற எல்லாம்தான். நல்லா எரிஞ்சுது. ரொம்ப நாள் எரிஞ்சுது. எதனாலன்னும் தெரியாது."

"யார்கிட்டயாவது சொன்னேளா மாஷிமா?"

"புருஷன் போன பொண்ணு, உடம்பு எரியுதுன்னு யார்கிட்ட சொல்லுவா? கேக்கறவங்க என்ன நினைப்பாங்க? ஈரத்துணிய மேல போட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன். பாவம் செஞ்ச உடம்பு, எரியுதுன்னு நினைச்சுக்கிட்டேன்."

வாணலியின் சத்தம் நின்றிருந்தது. பௌதி தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகு, இதை அவள் இன்றைக்குத்தான் கேட்கிறாள் என்று அவள் முகத்தில் தெரிந்தது.

"வா, சாப்பிடு. என் கண்ணு முன்னால சாப்பிடு" என்றார் மாஷிமா.

பௌதி மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு துண்டைப் பிட்டாள். தன் வாய்க்குக் கொண்டுபோகவில்லை, மாஷிமா வாய்க்கு நேரே நீட்டினாள்.

"முதல் வாய் உங்களுக்கு. இல்லேன்னா நானும் இல்ல."

"பைத்தியமா உனக்கு? வெளியூர்க்காரி முன்னால என்ன இது?"

"நான் சாப்பிட்டா உங்க பிள்ளை நல்லா இருப்பார், சாப்பிடறேன். நீங்க யாரக் காப்பாத்தறதுக்கு மா சாப்பிடாம இருக்கீங்க?"

மாஷிமா என்னைப் பார்த்தார். நான் தீர்ப்புச் சொல்வேன் என்று நினைத்தாரோ என்னவோ. நான், மீன் என்ற சொல்லைச் சொன்னால்கூட வாய் கொப்பளித்த வீட்டுப் பெண், "சாப்பிடுங்கோ மாஷிமா" என்றேன். பௌதியின் கை நீட்டியபடியே இருந்தது.

மாஷிமா அந்தத் துண்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் விரலால் அதை மெல்லத் தொட்டு, பௌதியின் கையைத் தட்டின் பக்கமே திருப்பினார்.

"முள்ள எடுத்துட்டுக் குடு" என்றார். "எனக்கு முள் பார்க்க மறந்துபோச்சு."